தெருச் சண்டையர் மீண்டு வந்த வரலாறு

அரிதின் முயன்று கற்ற கலையொன்றை அடுத்த தலைமுறையினரிடம் ஒப்படைக்கும்போது ஒரு வினா எழுகின்றது. அதன் கடுமையைக் குறைக்காமல் கொடுத்தால் கற்க வருவோர் அருகிவிடுவர். குறைத்துக் கொடுத்தால் கலையே வெளிறிப் போகும் என்று கற்றோர் அஞ்சுவர். இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பது எளிதன்று. இசைக்கும் நாட்டியத்திற்கும் மொழிக்கும் மட்டுமே உரிய வினாவாக இது கருதப்படுவதுண்டு. ஆயினும், சிறுவர்தம் பொழுதுபோக்கு என்று பெரியோர் பலர் ஒதுக்கிவிட்ட வீடியோ விளையாட்டு ஒன்றின் வரலாறும் இதே வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது. 'தெருச் சண்டையர்' எனப் பொருள்படும் 'ஸ்டிரீட் ஃபைட்டர்' என்பதே அவ்விளையாட்டு. புகழின் உச்சியைத் தொட்டு, பின்னர் ஒன்பதாண்டுக் காலம் வரிசையில் அடுத்த பாகம் காணாமல் முடங்கிக் கிடந்து, மும்முறை முயன்று இக்கால இளைஞரிடையே அது மீண்டும் நிலைபெற்ற வரலாறு, கற்பிக்கும் பணியில் உள்ளோர் அறியத்தக்கதாகும்.

தோற்றம்

ஜப்பானின் ஒசாக்கா நகரில் இயங்கும் கேப்காம் நிறுவனம் 1987-ஆம் ஆண்டில் இவ்விளையாட்டின் முதற்பாகத்தை வெளியிட்டது. தாக்காஷி நிஷியாமா என்பார் அதனை இயக்கினார். காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் விளையாட்டுக் கூடங்களுக்காகவே அது செய்யப்பட்டது. ரியூ, கென் என்னும் இரு வீரர்களுள் ஒருவராக நின்று ஆடலாம். தொடக்கத்தில் வந்த இயந்திரங்கள் சிலவற்றில் இரு பெரிய அழுத்து பட்டைகள் இருந்தன. ஆடுவோர் அவற்றை எவ்வளவு வலிமையாக அடித்தனரோ அவ்வளவு வலிமையான அடி திரையில் விழுந்தது. ஆறு பொத்தான்கள் கொண்ட அமைப்பும் உடன் வந்தது. குத்துக்கு மூன்று, உதைக்கு மூன்று என வகுக்கப்பட்ட அவ்வமைப்பே பின்னர் நிலைத்தது.

இடக்கையில் உள்ள கைப்பிடியைக் கீழே இழுத்து, வளைத்து முன்னே கொண்டு வந்து, அக்கணமே வலக்கையால் குத்துப் பொத்தானை அழுத்தினால், வீரனின் உள்ளங்கைகளிலிருந்து ஓர் ஒளியுருண்டை பாய்ந்து செல்லும். சொல்வதற்கு எளிய இவ்வசைவு, எதிரி நெருங்கி வரும் பதற்றத்தில் கைக்கு வருவது அரிது. பயின்றவனையும் பயிலாதவனையும் பிரித்துக் காட்டும் கோடாக அது நெடுங்காலம் விளங்கியது.

வளர்ச்சி

1991-ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பாகமே இவ்விளையாட்டை உலகறியச் செய்தது. அக்கிரா நிஷித்தானியும் அக்கிரா யாசுடாவும் அதனை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர்கள். ஜப்பான், அமெரிக்கா, சீனம், சோவியத் ஒன்றியம், பிரேசில், இந்தியா ஆகிய ஆறு நாடுகளைச் சேர்ந்த எட்டு வீரர்களுள் ஒருவரைத் தெரிந்தெடுத்து ஆடலாம். இந்திய யோகியாகப் படைக்கப்பட்ட தல்சிம் கைகால்களை நீட்டி எட்டத்தில் நின்றே அடிப்பான். சோவியத் மல்லனான ஸாங்கியெஃப் எதிரியை நெருங்கிப் பற்றித் தூக்கி எறிவான். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு போர்முறை இருந்தமையால், எட்டு வீரர்களைக் கற்பது எட்டுக் கலைகளைக் கற்பது போன்றிருந்தது.

இத்துணை வேறுபாடுகளுக்கும் அடியில் ஓர் எளிய இலக்கணம் இருந்தது. அடிப்பவனைத் தடுப்பவன் வெல்வான். தடுத்துக்கொண்டே நிற்பவனைப் பற்றி எறிபவன் வெல்வான். பற்ற வருபவனை முந்தி அடிப்பவன் வெல்வான். இம்மூன்றனுள் எதிரி எதனைச் செய்யப் போகின்றான் என்று உய்த்துணர்வதே ஆட்டத்தின் உயிர். விரல்களின் விரைவு இவ்வறிவுக்குத் துணையாக வருவதேயாகும்.

ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடியைத் தொடுத்து எதிரியை மீளவிடாமல் செய்யும் 'அடித்தொடர்' முறையும் இப்பாகத்தில்தான் வேரூன்றியது. வியப்பு யாதெனில், அது திட்டமிட்டு அமைக்கப்பட்டதன்று. ஆக்கப் பணியின்போது தற்செயலாகத் தென்பட்ட அதனை, கண்டுபிடிப்போர் கண்டுபிடிக்கட்டும் என்று நிறுவனத்தார் விட்டுவைத்தனர். ஆடுவோர் அதனைக் கண்டறிந்து ஒரு தனிக் கலையாகவே வளர்த்தனர்.

விளையாட்டுக் கூடத்தில் முன்பின் அறியாத இருவர் தோளோடு தோள் உரசி நின்று ஆடினர். தோற்றவர் விலகினார், வென்றவர் நின்றார், அடுத்து ஆட விரும்புவோர் இயந்திரத்தின் விளிம்பில் காசை வைத்து முறைக்குக் காத்திருந்தனர். சுற்றி நின்றோர் பார்த்தே கற்றனர். ஆசிரியரும் பாடநூலும் இல்லாத ஒரு பள்ளியாக அக்கூடம் விளங்கியது எனலாம். 1992-ஆம் ஆண்டில் இல்லங்களில் ஆடத்தக்க பதிப்பு நிண்டெண்டோ கருவிக்கு வந்தபோது, அப்பதிப்பு மட்டும் 63 இலட்சம் படிகள் விற்பனையாயிற்று. 1992 முதல் 1994 வரையிலான மூன்றாண்டுகளில் அதே பாகத்தின் திருத்திய பதிப்புகள் நான்கு வெளிவந்தன.

தளர்ச்சி

மூன்றாம் பாகம் 1997-ஆம் ஆண்டில் வந்தது. அதற்குள் காலம் மாறியிருந்தது. 1993-இல் 'வெர்ச்சுவா ஃபைட்டர்', 1994-இல் 'டெக்கன்' என முப்பரிமாண உருவங்கள் கொண்ட சண்டை விளையாட்டுகள் தோன்றி இளைஞரின் கண்களைக் கவர்ந்துவிட்டன. வீட்டுக் கருவிகளின் ஆற்றல் பெருகவே, காசு போட்டு ஆடும் கூடங்கள் பல நாடுகளில் தேயத் தொடங்கின.

கையால் வரைந்த ஓவியங்களின் நேர்த்தியில் மூன்றாம் பாகத்திற்கு இணையில்லை என்று இன்றும் போற்றப்படுகின்றது. ஆயினும் அது முதலில் வெளிவந்தபோது, பழைய வீரர்களுள் ரியூவும் கென்னும் மட்டுமே இருந்தனர். தாம் பழகிய முகங்களைக் காணாத பழைய ஆட்டக்காரர் பலர் விலகினர். மேலும், எதிரியின் அடி வந்து படும் கணத்தில் கைப்பிடியை அவன் பக்கமே தள்ளினால் அவ்வடி சிறிதும் ஊறு செய்யாமல் விலகிப் போகும் என்னும் நுட்பமும் அதில் புகுத்தப்பட்டது. தேர்ந்தோர்க்கு அது விருந்து. புதியோர்க்கோ ஏற முடியாத மலை. 1999-இல் வந்த 'தேர்ட் ஸ்டிரைக்' என்னும் மூன்றாம் பதிப்போடு அப்பாகம் நின்றது.

அம்மலையின் உயரத்தை உலகம் உணர்ந்த நாளும் உண்டு. கலிபோர்னியாவில் 2004-ஆம் ஆண்டு நடைபெற்ற 'ஈவோ' போட்டியில் ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வோங்கும் மோதினர். உமெஹாராவின் வீரனுக்கு ஓர் அடி பட்டாலும் தோல்வி என்னும் நிலை. வோங் தொடுத்த பதினைந்து அடிகளை ஒன்றன்பின் ஒன்றாக அந்நுட்பத்தாலேயே விலக்கி, உமெஹாரா அச்சுற்றை வென்றார். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. அக்காட்சி பதிவாகி இன்றளவும் பார்க்கப்படுகின்றது. ஆயின், வெளிவந்து ஐந்தாண்டு கடந்த ஒரு பதிப்பில் நிகழ்ந்த அருஞ்செயல் அது. கலையின் கொடுமுடி ஓங்கி நின்றது. அடிவாரத்திலோ ஏறுவோர் குறைந்திருந்தனர்.

மீட்பு முயற்சிகள்

நான்காம் பாகம் 2008-ஆம் ஆண்டு கூடங்களுக்கும், 2009-ஆம் ஆண்டு இல்லங்களுக்கும் வந்தது. அதன் ஆக்கத்தைப் பொறுப்பேற்று நடத்திய யோஷினோரி ஓனோ, மூன்றாம் பாகம் சென்ற திசையில் மேலும் செல்லாமல் இரண்டாம் பாகத்தின் திசைக்குத் திரும்பினார். உருவங்கள் முப்பரிமாணம் பெற்றன. ஆட்டமோ பழையபடி ஒரே தளத்தில் நடந்தது. இரண்டாம் பாகத்தின் எட்டு வீரர்களும் திரும்பி வந்தனர். பள்ளியை விட்டுப் பல்லாண்டு சென்றபின் நிகழும் பழைய மாணவர் சந்திப்பைப் போல, ஆடுவதை மறந்திருந்தோர் மீண்டும் கூடினர். அவர்களோடு புதியோர் சிலரும் சேர்ந்தனர். சிங்கப்பூரைச் சேர்ந்த ஹோ குன் சியான், ஆடுவதற்குக் கடினமான ஜென் என்னும் முதியவரின் உருவத்தைக் கையாண்டு, 2013-ஆம் ஆண்டு ஈவோ போட்டியில் நான்காம் பாகத்திற்குரிய பட்டத்தை வென்றமை இக்காலத்து நிகழ்ச்சியாகும்.

கூடங்கள் மறைந்த நாடுகளில் எதிராளியை எங்கே தேடுவது என்னும் இடர் எஞ்சியிருந்தது. இணையவழி ஆடலாம் எனினும், தொலைவில் உள்ள இரு கருவிகளுக்கிடையே செய்தி சென்று சேரச் சிறிது நேரம் ஆகும். பழைய முறையில், இருவர் செய்தியும் வந்து சேரும்வரை ஆட்டம் காத்திருந்தது. நொடிக்கு அறுபது படங்களாக ஓடும் விளையாட்டில் அச்சிறு தாமதமே ஆட்டத்தைக் கெடுத்துவிடும். இதற்கு மாற்றாக டோனி கேனன் என்னும் அமெரிக்க நிரலாளர், ஈவோவை நிறுவியோருள் ஒருவர், வேறொரு முறையை வகுத்தார். எதிராளி அடுத்து என்ன செய்வார் என்று கருவியே ஊகித்து ஆட்டத்தைத் தடையின்றி நடத்தும். ஊகம் பிழையானால் சில படங்கள் பின்சென்று கண்ணிமைக்கும் நேரத்திற்குள் திருத்திக்கொள்ளும். இம்முறை பரவியதனால், தொலைவில் இருப்போரும் அருகில் இருப்போர் போல ஆடும் நிலை உருவாயிற்று.

2016-ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் பாகம் ஒரு பாடமாக அமைந்தது. போட்டியாளர்க்கு வேண்டியன அதில் இருந்தன. தனியே அமர்ந்து கணினி வீரர்களோடு வரிசையாக மோதிப் பழகும் பகுதி வெளியீட்டின்போது இல்லை. கடையில் வாங்கிச் சென்ற புதியவர், முதல் நாளே தேர்ந்தோரிடம் அகப்பட்டு அடிபட்டார். கண்டனம் எழுந்தது. விடுபட்ட அப்பகுதி 2018-ஆம் ஆண்டில்தான் சேர்க்கப்பட்டது. தொடக்க வகுப்பில்லாத பள்ளியில் உயர்வகுப்பு நிரம்பாது என்பதை நிறுவனம் காலங்கடந்து உணர்ந்தது.

அகலத் திறந்த வாயில்

ஆறாம் பாகம் 2023-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் வெளிவந்தது. தக்காயுக்கி நாக்காயாமா இயக்கிய இப்பாகத்தில், 'பழைய முறை', 'புதிய முறை' என ஆடும் வழிகள் பிரிக்கப்பட்டன. பழைய முறையில் முன் கூறிய கைப்பிடி அசைவுகளும் ஆறு பொத்தான்களும் அப்படியே உள்ளன. புதிய முறையிலோ, ஒரு பொத்தானே போதும், ஒளியுருண்டை பாய்ந்துவிடும்.

முப்பதாண்டு பயின்று பெற்ற திறமையை முதல் நாள் வந்தவன் ஒரு விரலால் செய்வதா என்று மூத்தோர் சிலர் மனங்கசந்தனர். அக்கசப்பைப் பொறாமை என்று தள்ளிவிட இயலாது. அருமையாகப் பெற்றதன் மதிப்பு குறைகின்றதே என்னும் ஏக்கம் அது. ஆயின், ஆக்கியோர் அதனையும் எண்ணிப் பார்த்திருந்தனர். எளிய வழியில் செய்யப்படும் சிறப்புத் தாக்குதலின் வலிமை 20 விழுக்காடு குறைக்கப்பட்டது. சில அடிகள் புதிய முறையினர்க்குக் கிட்டவே கிட்டா. எளிமைக்கும் ஒரு விலை வைக்கப்பட்டது. எல்லாவற்றிற்கும் மேலாக, அடி, தடுப்பு, பிடி என்னும் பழைய இலக்கணத்தில் எதுவும் தளர்த்தப்படவில்லை. எதிரியின் உள்ளத்தை உய்த்துணரும் அறிவை எந்தப் பொத்தானும் தரவில்லை. விரலின் தடை நீங்கியதனால், புதியவர் அவ்வறிவைக் கற்கும் வகுப்பிற்கு விரைவில் வந்து சேர்ந்தார்.

தனியே நடந்து திரிந்து, ஆசான்களிடம் பாடங்கேட்டு, மெல்ல மெல்லக் கலையைக் கற்கும் ஒரு பெரும் பகுதியும் அதில் அமைந்தது. எதிரி எவ்வளவு தொலைவில் நிற்கின்றான் என்பது போன்ற செய்திகளை ஒலிகளாலேயே உணர்த்தும் வசதி, பார்வையற்றோரும் ஆடுவதற்கு வழி திறந்தது. வெளிவந்த ஒரு திங்களளவில் 20 இலட்சம் படிகள் விற்பனையாயின. 1996-ஆம் ஆண்டில் ஏறத்தாழ நாற்பது பேருடன் தொடங்கிய போட்டியிலிருந்து வளர்ந்த ஈவோவில், 2023-ஆம் ஆண்டு இவ்வொரு விளையாட்டிற்கு மட்டும் 7,000-க்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தனர்.

மூத்தோரும் களத்தை இழந்துவிடவில்லை. அதே 2023-ஆம் ஆண்டில் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஐந்தாம் பாகம் பதக்கத்திற்குரிய ஆட்டமாகச் சேர்க்கப்பட்டது. அதில் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான் வூவிற்கு வயது 44.

மீளாதன

மீட்சி என்பது முழுமையான மீட்சியன்று. ஆறாம் பாகத்தில் ஓர் இணையவழிக் கூடம் உண்டு. வரிசையாக இயந்திரங்கள் நிற்கும். அவற்றின் முன் அமர்ந்து எதிராளிக்குக் காத்திருக்கலாம். பழைய கூடத்தின் நினைவாகவே அது கட்டப்பட்டது. எனினும், இயந்திரத்தின் விளிம்பில் வைத்த காசும், தோளை உரசி நின்ற அயலாரும், பின்னால் நின்று பார்த்தே கற்ற சிறுவனும் அக்கூடத்தில் இல்லை. ஆட்டம் மீண்டது, அது பிறந்த இடம் மீளவில்லை.

இருப்பினும், இவ்வரலாறு உணர்த்துவது தெளிவு. 1997-இல் மரபு தன் சிகரத்தை உயர்த்தியது, ஏறுவோரை இழந்தது. 2008-இல் பழையோரைத் திரும்ப அழைத்தது, உயிர் பெற்றது. 2016-இல் தேர்ந்தோரை மட்டும் எண்ணியது, இடறியது. 2023-இல் இலக்கணத்தைக் காத்து, வாயிலை அகலத் திறந்தது, நிலைபெற்றது. எதனை எளிமையாக்கலாம், எதனை எளிமையாக்கலாகாது என்று பிரித்தறிவதே மரபு காப்போரின் தலையாய கடமையாகும். வாயிற்படியின் உயரத்தைக் குறைத்தவர் கோபுரத்தின் உயரத்தைக் குறைத்தவராகார். ஐந்து வயதுக் குழந்தையின் விரல் பிடித்து முதல் எழுத்தை எழுத வைக்கும் ஆசிரியர் நாள்தோறும் செய்து வருவதும் இதுவே.