தோட்டத்து ஜன்னி: மலேரியா மூளையைத் தொட்ட வரலாறு

ஆசிரியர்களே, எஸ்.பி.எம். எழுதும் மாணவர்களே, தோட்டத் தொழிலாளர் வரலாற்றை எழுதும்போது 'பலர் மலேரியாவால் மாண்டனர்' என்ற ஒரே வரியோடு தாண்டிப் போகிறோம். அந்த வரிக்குள் என்ன நடந்தது என்று கொஞ்சம் பார்ப்போமா?

'காய்ச்சல் முத்திப்போய் ஜன்னி கண்டுடுச்சு' என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிதற்றுவது, கைகால் வெட்டி இழுப்பது, பிறகு நினைவில்லாமல் கிடப்பது, எல்லாம் ஜன்னிதான். பேய் என்று நினைத்துப் பூசாரியைத் தேடியவர்களும் உண்டு. ஜன்னிக்குக் காரணம் பல. ஆனால் மலேரியா பரவிய தோட்டத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மூளை மலேரியாவைத்தான்.

மலாக்காவில் 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அது. அடுத்து புக்கிட் அசஹான். பிறகு ஜாசின், அலோர் காஜா பக்கமெல்லாம் ரப்பர் பரவியது. கங்காணிகள் வழியாக நம் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 'புக்கிட்' என்றால் குன்று. அதை மனத்தில் வையுங்கள். மரத்தை வெட்டியதும் குன்றின் ஓடைகளில் வெயில் விழும். வெயில் படும் தெளிந்த நீரில்தான் அனோபிலிஸ் மேக்குலேட்டஸ் என்ற கொசு பெருகும். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சிலாங்கூரில் இதைக் கண்டார். தாழ்நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா குறைந்தது. குன்றுத் தோட்டங்களில் காட்டை வெட்ட வெட்டக் கூடியது. ஆகவே 'கொடிய காடு ஆளைத் தின்றது' என்று மாணவர் எழுதினால் அது பாதிதான் சரி. காட்டை அழித்த விதமும் ஆளைத் தின்றது.

சரி, மூளைக்கு எப்படிப் போகிறது? உண்மையில் பால்சிபேரம் கிருமி மூளைத் திசுவுக்குள் நுழைவதே இல்லை. அது இரத்தச் சிவப்பணுவுக்குள் குடியேறி, அணுவின் மேற்பரப்பில் ஒட்டும் புரதம் ஒன்றை நீட்டுகிறது. மண்ணீரல் தன்னை வடிகட்டி அழித்துவிடாமலிருக்க, நுண்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு தப்பிக்கும் தந்திரம் இது. மூளையின் நுண்குழாய்களில் இந்த அணுக்கள் அடைந்து கிடப்பதை 1890களிலேயே இத்தாலிய மருத்துவர்கள் மார்கியாபாவாவும் பிக்னாமியும் பார்த்துவிட்டார்கள்.

அடைப்பு மட்டுமல்ல, நம் எதிர்ப்புச் சக்தியும் இதில் பங்காளி. கிருமியைக் கண்டதும் உடல் டி.என்.எஃப். போன்ற இரசாயனங்களைச் சுரக்கிறது. அவை கிருமியோடு போராடத்தான் வருகின்றன. ஆனால் குழாய்ச் சுவரை இன்னும் பிசுபிசுப்பாக்கிவிடுகின்றன. மேலும் அணுக்கள் ஒட்டுகின்றன. பிறகு சுவர் கசிகிறது, மூளை வீங்குகிறது. மலாவி நாட்டுப் பிள்ளைகளின் மூளையைப் படம் பிடித்து ஆராய்ந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. இறந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மூளை கடுமையாக வீங்கியிருந்தது. பிழைத்தவர்களுக்கு வீக்கம் வடிந்தது. மண்டை ஓட்டுக்குள் இடம் ஏது? வீங்கிய மூளை, மூச்சை நடத்தும் பகுதியை அழுத்தினால் மூச்சு நின்றுவிடும். கொயினா கிருமியைக் கொல்லும், வீக்கத்தை வடிக்காது. தாமதமாகக் கொடுத்த கொயினா ஏன் பலரைக் காப்பாற்றவில்லை என்பது இப்போது விளங்கும்.

பிழைத்தவர் கதை வகுப்பறைக்கு நெருக்கமானது. உகாண்டாவில் 2008இல் வெளியான ஆய்வில், மூளை மலேரியாவிலிருந்து மீண்ட பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இரண்டு ஆண்டு கழித்தும் நினைவாற்றலிலோ கவனத்திலோ குறை இருந்தது. நம் தோட்டப் பள்ளிகளில் 'மக்கு' என்று பின்வரிசைக்குத் தள்ளப்பட்டவர்களில் இப்படி ஜன்னியில் பிழைத்த பிள்ளைகளும் இருந்திருக்கக்கூடும்.

இன்னொன்று. மாணவர் கட்டுரையில் 'ஜன்னி' என்று வந்தால் கொச்சை என்று சிவப்பு மையால் அடிக்காதீர்கள், ஐயா. சித்த மருத்துவ நூல்களில் 'சன்னி', 'சன்னிபாதம்' என்று நின்ற சொல்தான் அது. வேண்டுமானால் 'ஜ'வை மட்டும் 'ச' ஆக்கிக் கொடுங்கள்.