போலி மரபணு ஒன்றின் வரலாறு: கேமரன் மலை மக்களின் குருதிவழி ஓர் ஆய்வு

முன்னுரை

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் ஜே. ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து பறிக்கவும் கவாத்து வெட்டவும் வந்து லயங்களில் குடியேறியவர்களில் தமிழர்களே மிகுதி. அவர்களுக்கு நெடுங்காலம் முன்பிருந்தே செமாய்ப் பூர்வகுடிகள் அச்சரிவுகளில் வாழ்ந்துவந்தனர். காய்கறி பயிரிட்டோர் பெரும்பாலும் சீனர்கள். அண்டை அயலாராக வாழும் இம்மக்களின் குருதியில் ஹீமோகுளோபின் குறைபாடுகள் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்துள்ளன. செமாய் உள்ளிட்ட பூர்வகுடிகளிடம் ஹீமோகுளோபின் இ மிகுதி. மலேசியச் சீனர்களிடம் பீட்டா தலசீமியாவுக்கு முதன்மைக் காரணம் 41, 42ஆம் கோடான்களில் (மூவெழுத்துக் குறிகளில்) நான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பது. இந்தியர்களிடம் பரவலாக இருப்பது ஐ.வி.எஸ். 1-5 என்னும் பிறழ்வு.

இப்பிறழ்வுகள் எங்கே, எத்தனை முறை தோன்றின என்று கண்டறிய உதவிய தடயங்களுள் ஒன்று, எந்தப் புரதத்தையும் உண்டாக்காத ஒரு போலி மரபணு. பயனற்றது என்று முதலில் ஒதுக்கப்பட்ட அது, பின்னர் வரலாற்றுச் சாட்சியாகி, அண்மையில் குருதி உருவாக்கத்திலேயே பங்குடையதாக அறியப்பட்ட வளர்ச்சியை இக்கட்டுரை ஆராய்கிறது.

கருத்தின் தோற்றம்

சூடோஜீன் எனப்படும் போலி மரபணுவை 1977இல் ஜாக், மில்லர், பிரவுன்லீ ஆகியோர் ஆப்பிரிக்கத் தவளையின் 5எஸ் ஆர்.என்.ஏ. மரபணுக்களுக்கிடையே கண்டு பெயரிட்டனர். மூல மரபணுவை ஒத்திருந்தும் குறைபட்டுக் கிடந்த படி அது. மூன்றே ஆண்டுகளில் மனிதரின் ஹீமோகுளோபின் மரபணுக்களிலும் இத்தகையவை தெரியவந்தன. ஆல்ஃபா குளோபினின் போலிப் படி ஒன்றின் அமைப்பை பிரவுட்ஃபுட்டும் மானியாட்டிஸும் 1980இல் வெளியிட்டனர். அதே காலத்தில் பீட்டா குளோபின் தொகுதியின் வரிசையும் தெளிவாயிற்று.

போலி மரபணுக்கள் மூன்று வழிகளில் உருவாகின்றன. ஒரு மரபணு இரட்டித்தபின் ஒரு படி பழுதாவது முதல் வழி. ஆர்.என்.ஏ. மீண்டும் டி.என்.ஏ.வாக எழுதப்பட்டு மரபணுத்தொகுதியின் வேறோர் இடத்தில் செருகப்படுவது இரண்டாவது. இருந்த ஒரே மரபணுவும் கெட்டுப்போவது மூன்றாவது. மனிதர் வைட்டமின் சி சத்தை உணவிலிருந்தே பெற வேண்டியிருப்பதற்கு இந்த மூன்றாம் வகையே காரணம். அதை உடலில் ஆக்கும் நொதியின் மரபணு நம் மூதாதையரிடமே பழுதாகிவிட்டது.

நம் ஆய்வுக்குரியது முதல் வகை. 11ஆம் குரோமோசோமில் எப்சிலான், இரண்டு காமா, போலி பீட்டா, டெல்டா, பீட்டா என மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. கருவில் எப்சிலானும், பிறக்கும்வரை காமாவும், பிறந்தபின் பெரும்பாலும் பீட்டாவும் இயங்குகின்றன. நடுவில் இருக்கும் போலி பீட்டாவில் தொடக்கக் குறியும் சிதைந்துள்ளது. புரதத்தைப் பாதியில் நிறுத்தும் குறியும் உண்டு. சிம்பன்சியின் போலி பீட்டாவும் இவ்வாறே பழுதுபட்டது. ஆட்டிலோ இதற்கு இணையான மரபணு கருப்பருவத்தில் இயங்குகிறது. ஆக, குரங்கினத்தின் மூதாதையரிடம் பழுதான பின்னும் பல கோடி ஆண்டுகளாக இது அழியாமல் நீடித்திருக்கிறது. இப்பகுதியின் எழுத்துகளை ஒப்பிட்ட மியாமோட்டோ, ஸ்லைட்டம், குட்மன் ஆகியோர், மனிதனுக்கு மிக நெருங்கிய உறவு கொரில்லா அன்று, சிம்பன்சியே என்று 1987இல் வாதிட்டனர்.

சாட்சியான போலி மரபணு

மனித இனத்துக்குள்ளும் இதே முறை பயன்பட்டது. ஹின்க்-2 என்ற நொதி டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட ஆறெழுத்துத் தொடர் உள்ள இடத்தில் மட்டுமே வெட்டும். போலி பீட்டாவுக்குள் ஓரிடத்திலும் அதை அடுத்து ஓரிடத்திலும் அத்தொடர் சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. வெட்டிய துண்டுகளை ஜெல்லில் ஓடவிட்டால், தொடர் இருப்பவருக்குச் சிறு துண்டுகளும் இல்லாதவருக்கு ஒரு பெரிய துண்டும் கிடைக்கும். இருந்தால் கூட்டல் குறி, இல்லையென்றால் கழித்தல் குறி. தொகுதி நெடுகிலும் இப்படிப் பல இடங்களைக் குறித்தால் வரும் கோவையே ஹாப்லோடைப். 1982இல் ஆர்க்கின், கசாசியன் குழுவினர் தலசீமியாப் பிறழ்வுகளை இக்கோவைகளோடு இணைத்துக் காட்டினர்.

விளைவுகள் பெரியவை. நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் அணுப் பண்பை லேமனும் கட்புஷும் 1952இல் கண்டறிந்தபோது, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததா என்ற கேள்வி எழுந்தது. கூலோசிக் குழுவினர் 1986இல் ஒடிசாவிலும் கிழக்குச் சவூதியிலும் ஒரே கோவையைக் கண்டனர். ஆப்பிரிக்கக் கோவைகளிலிருந்து அது வேறுபட்டதால், ஆசியாவில் இப்பிறழ்வு தனித்துத் தோன்றியது என முடிவு செய்தனர். அதே ஆண்டில், மலேசிய இந்தியரிடையே அரிவாள் அணுச் சோகையும் ஆல்ஃபா தலசீமியாவும் சேர்ந்திருப்பதை லீ-இன்ஜோ லுவான் எங் குழுவினர் பதிவுசெய்தனர். ஹீமோகுளோபின் இ தென்கிழக்காசியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றியிருக்கலாம் என்பதை ஆன்டோனராகிஸ் குழுவினர் 1982இல் காட்டினர். ஐ.வி.எஸ். 1-5 மெலனேசியத் தீவுகளில் வேறொரு கோவையோடு அமைந்திருந்ததால், அங்கு அது தனியே தோன்றியது என 1988இல் ஹில் குழுவினர் கருதினர். மலேரியா மிகுந்த நிலங்களில், அதைத் தாங்க உதவும் ஒரே பிறழ்வு தனித்தனியே தோன்றி நிலைபெற முடியும் என்பதற்கு இவை சான்றுகள்.

நோயில் பங்கு

போலி மரபணு நோயில் நேரடியாகவும் பங்கேற்கிறது. மூல மரபணுவை ஒத்திருப்பதால், இனச்செல் உருவாகும்போது இரண்டும் தவறாக இணைந்து, பழுது மூலத்துக்குப் படியெடுக்கப்படலாம். பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி நோய்க்குக் காரணமான பிறழ்வுகளில் பல, அருகிலுள்ள போலிப் படியிலிருந்து இவ்வாறு வந்தவையே. ஆய்வகத்துக்கும் இந்த ஒப்புமை தொல்லை தருகிறது. மூலத்தையும் போலியையும் பிரித்தறியாத சோதனை, இல்லாத பிறழ்வை இருப்பதாகவும் இருப்பதை இல்லாததாகவும் சொல்லிவிடும்.

புரதம் ஆக்காத மரபணுவின் ஆர்.என்.ஏ.வும் வேலை செய்யலாம் என்பதை 2010இல் பொலிசேனோ, பண்டோல்ஃபி குழுவினர் நிறுவினர். புற்றுநோயைத் தடுக்கும் பி-டென் மரபணுவை அடக்கும் நுண் ஆர்.என்.ஏ.க்களை அதன் போலிப் படி தன்பால் ஈர்த்து, மூலத்தைக் காக்கிறது. 2021இல் போலி பீட்டாவின் முறை வந்தது. அதன் ஆர்.என்.ஏ. ஒரு புரதத்தோடு பிணைந்து, சிவப்பணு உருவாக்கத்துக்கு இன்றியமையாத டால்-1 மரபணுவின் செய்தி சிதையாமல் காக்கிறது என்று சீன ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

விவாதமும் முடிவும்

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. எந்த வேலையும் இல்லாததால் இயற்கைத் தேர்வுக்கு ஆட்படாது என்ற நம்பிக்கையே போலி பீட்டாவின் சாட்சியத்துக்கு வலு சேர்த்தது. அதற்கும் வேலை உண்டென்றால் பழைய முடிவுகள் நிற்குமா? பெரும்பாலும் நிற்கும். சில ஆயிரம் ஆண்டு வரலாற்றுக்கு வேண்டியது, அடுத்தடுத்த குறிகள் சேர்ந்தே கடத்தப்படுவதுதான். அவற்றின் நடுநிலை அவ்வளவு முக்கியமன்று. சாட்சியத்துக்கு உண்மையான வரம்பு வேறிடத்தில் இருக்கிறது. டெல்டாவுக்கும் பீட்டாவுக்கும் இடையே மறுசேர்க்கை மிகுதியாக நிகழும் பகுதி உள்ளது. அதனால் போலி பீட்டா இருக்கும் பக்கத்துக் கோவை மாறியிருப்பதை மட்டும் கொண்டு பிறழ்வு புதிதாகத் தோன்றியது என்று சொல்லிவிட முடியாது.

மலேசியாவில் ஏறக்குறைய 4.5 விழுக்காட்டினர் பீட்டா தலசீமியாக் கடத்திகள் என மதிப்பிடப்படுகிறது. 2016இல் படிவம் 4 மாணவர்களுக்குப் பள்ளிகளில் பரிசோதனை தொடங்கியது. மேற்கண்ட வரலாறு அதற்கு ஒரு நேரடிப் பாடம் தருகிறது. ஐ.வி.எஸ். 1-5 தமிழர்களிடம் மட்டுமன்றி மலாய்க்காரர்களிடமும் பரவலாக உண்டு. இனத்தின் பெயரை வைத்துத் தேட வேண்டிய பிறழ்வுகளைச் சுருக்கிக்கொண்டால், கலப்பு மணங்கள் நிகழும் கேமரன் மலை போன்ற இடங்களில் கடத்திகள் தப்பிவிடுவர். எல்லா இனத்துப் பிறழ்வுகளையும் ஒருங்கே தேடுவதும், மூலத்தையும் போலியையும் பிரித்தறியும் முறைகளைக் கையாள்வதுமே ஏற்ற வழி.