கூலி மிஷனும் தேவனுடைய பிள்ளைகளும்

1854ஆம் ஆண்டில் கண்டியில், கோப்பித் தோட்டத் துரைமாரின் ஆதரவோடு சர்ச் மிஷன் சங்கத்தார் தோட்டத் தமிழர் நடுவில் ஓர் ஊழியத்தை ஆரம்பித்தனர். அதற்கு இட்ட பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. தேவனுடைய பிள்ளை என்று ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க வந்த சபை, தன் பெயரிலேயே அவரைக் கூலி என்று எழுதிக்கொண்டது. அக்காலத்தில் அச்சொல் யாரையும் உறுத்தவில்லை என்பார்கள். அப்படி அழைக்கப்பட்டவரை உறுத்தியதா என்று கேட்டவர் யார்?

திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தனர். வேலை முடிந்த அந்திப் பொழுதில் லயத்து வாசலில் வேதம் வாசித்து ஜெபித்தனர், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தனர். செலவுக்குப் பணம் துரைமாரின் சந்தாவிலிருந்து வந்தது. ஆகவே சம்பளத்தைப் பற்றியோ கங்காணியின் கடனைப் பற்றியோ அவர்கள் அதிகம் பிரசங்கித்திருக்க முடியாது. மலையகத் தமிழரில் பெரும்பாலோர் சைவராகவே இருந்தனர், இன்றும் அப்படியே. கிறிஸ்துவை ஏற்ற சிலருக்கு என்ன மாறியது?

பிரட்டுக்களத்தில் அவர்கள் செக்ரோலில் ஒரு வரி. தோட்டம் மாற வேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும்: இவ்வளவு கடனைத் தீர்த்தால் ஆளை விடுவோம் என்று பழைய தோட்டம் எழுதிக் கொடுப்பது. 1921இல்தான் அது ஒழிந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டிலோ கடன் எழுத நிரல் இல்லை. பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர். தொழில் என்ற நிரல் அங்கும் உண்டு, அதை மறைப்பானேன்? ஆனாலும் ஆங்கிலிக்கன் சபையில் துரையின் பிள்ளைக்கும் கொழுந்து பறிப்பவளின் பிள்ளைக்கும் சொல்லப்பட்ட ஞானஸ்நான வார்த்தைகள் ஒன்றே, மொழிதான் வேறு.

பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபம் எசமானையும் அடிமையையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீடு இரண்டாகவே இருந்தது. டிக்கோயாவில் 1878இல் எழுந்த வார்லி ஆலயத்தின் முற்றத்தில் துரைமாரின் பெயர்கள் கல்லில் நிற்கின்றன. அவர்களுக்காகக் காடு வெட்டியவர்கள் பெயரின்றித் தேயிலைக்கடியில் கிடக்கிறார்கள். துரைமாரை மட்டும் குறை சொல்வதும் நியாயமல்ல. கடல் கடந்து வந்த சாதியை எம்மவர்களும் ஆலய வாசலில் கழற்றி வைக்கவில்லை.

ஆனால் எழுத்தறிவு ஒருமுறை கைக்கு வந்தால் கொடுத்தவர் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. ஹட்டன் மெதடிஸ்த பாடசாலையில் படித்த சி.வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரானார். மறு ஆண்டே, 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரைப் பங்கு பிரித்ததில் மீதி வந்த கணக்கு உலகில் வேறெங்கும் உண்டோ, நானறியேன். தலைமன்னாருக்குப் போன புகைவண்டிக்கு எம் மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’.

சபைகளில் பல அப்போது ஜெபித்து வழியனுப்பின. அது போதாது என்று கண்டவர்களில் ஒருவர் இயேசு சபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தை ஆரம்பித்து, தோட்டத் தொழிலாளியையும் அயற்கிராமத்துச் சிங்கள விவசாயியையும் ஒன்றாக உட்காரவைத்தார். அதே ஆண்டு, கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, புதிதாகப் பிரிந்த வறிய பதுளை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்றார். தேவனுடைய பிள்ளை என்பது ஞானஸ்நானத் தொட்டியோடு முடிகிற காரியமல்ல என்று இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்; பிரஜாவுரிமையும் சம்பளமும் அதற்குள் வந்தன. நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. லயத்து வீட்டுக்கு உறுதி இன்னும் பலரிடம் இல்லை.

வைத்தியராக நான் முதலில் எழுதுவது நோயாளியின் பெயரை. வயதான அம்மாமார் நீட்டும் அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறொரு பெயர். எது சரி என்றால், வீட்டில் கூப்பிடும் மூன்றாவது பெயரைச் சொல்வார்கள். எழுதியவர் கேட்டு எழுதவில்லை, அவ்வளவுதான்.

உலகெங்கும் பரந்திருக்கும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். மலைநாட்டு ஈரம் காகிதத்துக்கு ஆகாது. உங்கள் பாட்டி, பூட்டியின் ஞானஸ்நானம் எந்த ஆலயத்தில் நடந்ததென்று தெரிந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது அங்கு போய்ப் பதிவேட்டைக் கேளுங்கள். போதகரின் அனுமதியோடு அந்தப் பக்கத்தைப் படமெடுங்கள். பெயரை, எழுதியிருக்கிறபடியே பிரதி செய்து சங்கத்துக்கு அனுப்புங்கள்.