ஞாயிறு ராத்திரியில் பிறந்த பயணம்

திங்கட்கிழமை காலையில் ஆசிரியர் முன்னால் போய் நிற்கும்போது சொல்வதற்கு ஒரு யோசனை இருக்க வேண்டும். நியூயார்க்கின் ‘வேர்ல்டு’ நாளிதழில் நிருபராக இருந்த நெல்லி பிளைக்கு இது வாராவாரம் வரும் கண்டம். பத்திரிகையில் குப்பை கொட்டியவர்களுக்கு இந்த வயிற்றுக் கலக்கம் புரியும்.

1888 வாக்கில் ஒரு ஞாயிறு. பகலெல்லாம் யோசித்தும் ஒன்றும் சிக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கும் தூக்கம் வராமல் புரண்டார், தலைவலி வேறு. இந்த உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டால் தேவலை என்று அலுத்துக்கொண்டார். அலுப்பிலேயே அடுத்த எண்ணமும் வந்தது: போனால்தான் என்ன? ஜூல் வெர்னின் கதாநாயகன் ஃபிலியாஸ் ஃபாக் எண்பது நாளில் உலகைச் சுற்றினானே, அதைவிடச் சீக்கிரம் சுற்ற முடியாதா? தூக்கம் வந்துவிட்டது. காலையில் கப்பல் கம்பெனிக்குப் போய்க் கால அட்டவணைகளைப் புரட்டினார். கணக்கு உதைக்கவில்லை.

உதைத்தது அலுவலகத்தில். இதே யோசனை தங்களுக்கும் இருப்பதாகவும், ஆனால் ஒரு ஆணை அனுப்பப்போவதாகவும் சொன்னார்கள். பெண்ணுக்குத் துணை வேண்டும், மூட்டை முடிச்சு அதிகம், கப்பல் விட்டுக் கப்பல் மாற முடியாது என்றார் வணிக மேலாளர். அனுப்புங்கள், அதே நாளில் வேறு பத்திரிகைக்காக நான் கிளம்பி அவரை முந்துவேன் என்றார் நெல்லி. செலவுக்குப் பணம் கேட்கப் போனவர் பேசுகிற பேச்சா இது!

ஒரு வருஷம் ஓடியது. 1889 நவம்பரில் ஒரு மழை மாலையில் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாளை மறுநாள் கிளம்ப முடியுமா? இந்த நிமிஷமே முடியும்.

மூட்டை முடிச்சுக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டது பதினாறு அங்குல அகலம், ஏழு அங்குல உயரத்தில் ஒரே ஒரு கைப்பை. அதில் இடத்தை அடைத்து, மூடவிடாமல் வழியெல்லாம் படுத்தியது ஒரு கோல்ட் கிரீம் ஜாடி. மேலாளர் சொன்னதில் அவ்வளவுதான் உண்மை. பத்திரிகை கொடுத்தது 200 பவுன்: தங்கக் காசுகள் பையில், நோட்டுகள் கழுத்தில் கட்டிய தோல் பையில். நவம்பர் 14 காலை கப்பல் கிளம்பியது.

பிரான்சில் வெர்னையே பார்த்தார். கொழும்பில் அடுத்த கப்பலுக்காக ஐந்து நாள் காத்துக் கிடந்தார். ஹாங்காங்கில்தான் சேதி எட்டியது. அவர் கிளம்பிய அதே நாளில், ‘காஸ்மோபாலிட்டன்’ பத்திரிகை எலிசபெத் பிஸ்லாண்ட் என்ற பெண்ணை எதிர்த்திசையில் அனுப்பியிருந்தது. மேலாளரிடம் தான் விட்ட சவால் தன்மேலேயே திரும்பும் என்று நெல்லி நினைத்திருக்க மாட்டார். தன் போட்டி காலத்தோடுதான் என்று சொல்லிவிட்டு நடந்தார்.

1890 ஜனவரி 25 அன்று, 72 நாள் கணக்கில் அவர் ஜெர்சி சிட்டியில் ரயிலைவிட்டு இறங்கியபோது, பிஸ்லாண்ட் அட்லாண்டிக் நடுவில் இருந்தார்.