மலையடிவாரத்தில் கம்பியில்லாத் தொடர்பு

ஒரு கட்டடத்திற்குள் கணிப்பொறிகளை இணைக்கவென்றே பிறந்தது வைஃபை. 1997-ஆம் ஆண்டில் அதன் பொதுவிதிகள் வெளிவந்தன. அக்கருவி பல மைல் கடந்து தொண்டாற்றிய வரலாறொன்று, நம் திண்டுக்கல் சமவெளிக்கு மேற்கேயுள்ள தேனிக்கு உரியது, நேயர்களே!

கூலிவேலை செய்வோர் கண்ணைக் காட்ட நகருக்கு வந்தால் அன்றைய கூலி போயிற்று. வாராதிருந்தாலோ பார்வையே போகலாம். டாக்டர் வெங்கடசாமி 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு வழி தேடிற்று; தேனியிலுள்ள தன் கிளையைச் சுற்றூர்ப் பரிசோதனை நிலையங்களோடு கம்பியின்றி இணைக்க முற்பட்டது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் துணைநின்றனர். 2005-இல் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றற் கருவிகளுக்கு உரிமம் வேண்டாமென்றதும் வழியை எளிதாக்கிற்று.

உயரத்தில், ஒன்றையொன்று நேர்நோக்குமாறு அலைவாங்கிகளை நிறுத்தினர். ஆயினும் ஓர் இடர் எழுந்தது. வைஃபை, அனுப்பிய செய்திக்கு உடனே 'பெற்றேன்' என்னும் விடையை எதிர்பார்க்கும். தொலைவினால் விடை தாமதித்தால், செய்தி தொலைந்ததெனக் கருதி மீண்டும் அனுப்பும். ஆய்வாளர்கள் அவ்விதியை மாற்றி, இரு முனைகளும் முறைவைத்துப் பேசச் செய்தனர். 2007-இல் அம்முறையை உலகறிய வெளியிட்டனர்.

சிற்றூரில் அமர்ந்த நோயாளியோடு தேனி மருத்துவர் திரைவழியே முகம் பார்த்துப் பேசினார். பேருந்துக் கட்டணமும் ஒருநாட் கூலியும் ஏழைக்கு மிஞ்சின.