வீட்டுத் தோட்டத்தில் காஸ்மோஸ் பூ: உரம் கூடினால் பூ குறையும்

செடி இடுப்பு உயரம் வளர்ந்து பச்சைப் பசேலென்று நிற்கும். பூ மட்டும் இருக்காது. காஸ்மோஸ் விதை வாங்கிப் போடுகிற பலருக்கு இப்படி ஆகிறது. தொழுவுரமும் யூரியாவும் கூடிப்போவதே பெரும்பாலும் காரணம். மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இந்தச் செடி மெலிந்த மண்ணிலும் பூக்கும். தழைச்சத்து அதிகமானால் தண்டும் இலையுமாகத்தான் வளரும். எனவே காய்கறிப் பாத்திக்குப் போடுவதுபோல இதற்கு எரு போட வேண்டாம். களிமண்ணாக இருந்தால் மட்டும் கொஞ்சம் மணலும் மக்கிய எருவும் கலந்து, தண்ணீர் தேங்காதபடி பாத்தியை மேடாக்கிக் கொள்ளுங்கள்.

இதில் இரண்டு வகைகள் பரவலாக உள்ளன. மஞ்சள், ஆரஞ்சு நிறத்தில் பூப்பது சமவெளி வெயிலை நன்றாகத் தாங்கும். இளஞ்சிவப்பு, வெள்ளை நிறங்களில் பூப்பதற்கு இலை நூல் போல மெல்லியதாக இருக்கும். குளிர்ச்சி பிடிக்கும், பகல் குறைந்த நாட்களில் சீக்கிரம் பூக்கும். சமவெளியில் இதை வளர்க்க விரும்பினால், அடைமழை ஓய்ந்த பிறகு கார்த்திகை கடைசியில் அல்லது மார்கழியில் விதையுங்கள். ஐப்பசி மழையில் உயரமான செடிகள் சாய்ந்துவிடும்.

நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். விதையை நேரடியாகப் பாத்தியிலேயே போடலாம். அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். மேலே லேசாக மண் தூவி, பூவாளியால் தண்ணீர் விடுங்கள். ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் முளைக்கும். நான்கைந்து இலை விட்டதும், ஓரடிக்கு ஒரு செடி இருக்கும்படி கலைத்து விடுங்கள். பிடுங்கிய நாற்றை வேறு இடத்தில் நட்டாலும் பிடித்துக்கொள்ளும். செடி ஓரடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துப் பூ கூடும். விதைத்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூ எடுக்கும். இளஞ்சிவப்பு வகை சற்றுத் தாமதமாகலாம். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளிவிட்டால் மொட்டு தொடர்ந்து வரும்.

பூசணி, பாகல், வெள்ளரிப் பாத்திக்குப் பக்கத்தில் வைத்தால் தேனீக்கள் வந்து போகும். மகரந்தச் சேர்க்கைக்கு அது உதவி. அதனால்தான் அசுவினி தெரிந்தவுடன் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம் என்கிறோம். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலை, தேனீ நடமாட்டம் ஓய்ந்த மாலையில் தெளியுங்கள்.

அடுத்த பருவத்துக்கு விதை வாங்கத் தேவையில்லை. நோயில்லாத செடிகளில் சில பூக்களைக் கிள்ளாமல் விடுங்கள். இதழ் உதிர்ந்து, விதைகள் பழுப்பாகி ஊசிபோல் விரியத் தொடங்கும்போது பறித்து, நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். வீரிய ஒட்டு வகையாக இருந்தால் அதே நிறம் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆரஞ்சு வகை தானாக விதை உதிர்த்துப் பரவும். வயல் வரப்பை ஒட்டி நட்டால், விதை கொட்டுவதற்கு முன் தலைகளை வெட்டி எடுத்துவிடுங்கள்.