டிராம்பேயின் பெயர் தாங்கிய கணிப்பொறி

பம்பாய் நகரின் கிழக்குக் கரையில், செம்பூரைக் கடந்து செல்லும் சாலை டிராம்பேயைச் சென்று அடைகிறது. மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அவ்வூரின் பெயர் புதிதன்று. அங்கே அணு உலைகள் உண்டு என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால், நம் நாட்டிலேயே உருவான கணிப்பொறி ஒன்று அவ்வூரின் பெயரையே தாங்கி வெளிவந்தது என்பதை நம்மில் பலர் அறியோம். அந்த வரலாற்றைச் சிறிது நினைவு கூர்வோம்.

1954ஆம் ஆண்டில் டிராம்பேயில் அணுசக்தி நிலையம் தோன்றியது. 1956 ஆகஸ்டு 4ஆம் நாள் ‘அப்சரா’ என்னும் உலை அங்கே இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருள் பிரிட்டனிலிருந்து வந்தது. எனினும், உலையை அடக்கி ஆளும் மின்னணுக் கருவிகளை ஏ. எஸ். ராவ் தலைமையில் நம்மவர்களே செய்தனர். வெளிநாட்டிலிருந்து வாங்கினால் எளிதாக முடிந்திருக்குமே என்று கேட்கலாம். அந்நியச் செலாவணி அருமையாயிருந்த காலம் அது. அதனினும் முக்கியமான காரணம் வேறொன்று உண்டு. வாங்கிய கருவி பழுதுபட்டால் விற்றவரை எதிர்நோக்கி இருக்க வேண்டும். தானே செய்த கருவியின் உள்ளுறுப்புகளைச் செய்தவன் அறிவான். பழுது நேர்ந்தால் உலை தானாகவே அடங்கிவிடும்படி கருவியை அமைக்க வேண்டிய இடத்தில், அந்த அறிவு உயிர் காக்கும் அறிவாகும்.

அதே காலத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் வேறொரு முயற்சி நடந்தது. சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர் ஆர். நரசிம்மன். அவர் 1954இல் அக்கழகத்திற்கு வந்து, கணிப்பொறி அமைக்கும் குழுவை நடத்தினார். அக்குழுவினர் எடுத்த எடுப்பில் பெரிய எந்திரத்தைக் கட்ட முற்படவில்லை. முதலில் சிறியதொரு மாதிரிப் பொறியை அமைத்து, 1956இல் ஓட்டிப் பார்த்தனர். அதில் கற்றதைக் கொண்டே பெரிய பொறியை அமைத்தனர். 1960இல் பணிக்கு வந்த அந்தப் பொறியில் சுமார் 2,700 வால்வுகள் இருந்தன. காந்த வளையங்களால் ஆன அதன் நினைவகம் 2,048 சொற்களைத் தாங்கியது. 1962இல் பிரதமர் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார்.

வால்வுகளால் இயங்கும் பொறியைக் காப்பது எளிய காரியமன்று. வால்வு சூடேறும், நாளடைவில் வலுவிழக்கும். ஈயப் பற்று ஒன்று தளர்ந்திருந்தால், காலையில் சரியாக வந்த விடை மாலையில் தவறாக வரும். குற்றம் பொறியிலா, அதற்கிட்ட கட்டளைகளிலா என்பதே முதல் ஐயம். அதைத் தீர்க்க, விடை முன்பே தெரிந்த கணக்கு ஒன்றைப் பொறிக்குக் கொடுப்பார்கள். அதிலும் தவறினால் குற்றம் பொறியினுடையது. பிறகு சுற்றைப் பாதியாகப் பிரித்து, எந்தப் பாதியில் பிழை என்று பார்த்து, மீண்டும் அதைப் பாதியாக்கிச் செல்வார்கள். மின்னழுத்தத்தை வேண்டுமென்றே சற்றுக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுவதும் உண்டு. நாளை தவறப்போகும் வால்வு அந்தச் சோதனையில் இன்றே தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். நாடி பார்க்கும் வைத்தியரின் முறைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை.

இவ்வகைத் தேடலுக்கு ஏட்டுக் குறிப்பு இன்றியமையாதது. 1947இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் ஒரு கணிப்பொறி நின்றது. அதன் மின் இணைப்பு ஒன்றில் விட்டிற்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பணிக் குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் எழுதி வைத்தனர். பிழையைப் பூச்சி என்று கூறும் வழக்கு அதற்கு முன்பே பொறியாளரிடையே இருந்தது. அந்தப் பக்கம் நிலைத்ததற்குக் காரணம், கண்டவர் அதைக் குறித்து வைத்ததே. குறித்து வையாத எத்தனையோ பழுதுகளை அடுத்து வந்தவர்கள் முதலிலிருந்து மீண்டும் தேட நேர்ந்திருக்கும்.

1967இல் டிராம்பே நிலையம் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்றது. அவ்வாண்டே ஐதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகம் தோன்றிற்று. இவ்விரண்டின் முயற்சியால் 1969இல் வெளிவந்ததே ‘டி.டி.சி. 12’, டிராம்பே டிஜிட்டல் கம்ப்யூட்டர் என்பது அதன் விரிவு. ஆய்வுக் கருவிகளோடு இணைந்து, நிகழ்ச்சி நடக்கும்போதே கணக்கிடுவது அதன் தொழில். ‘312’, ‘316’ என்னும் பொறிகள் 1970களில் அதைத் தொடர்ந்தன.

பின்னர் நுண்செயலிகள் வந்தன. அப்பொறிகள் காலத்தால் பின்தங்கின. அப்படியாயின் அந்த உழைப்பு வீண்தானா? நாம் அவ்வாறு கருதவில்லை. பொறி பழசாகும், பொறியைப் பிரித்துப் பார்த்துப் பழுது காணும் பழக்கம் பழசாவதில்லை. 1991இல் அதே டிராம்பேயில், பல செயலிகளை ஒன்றாகப் பிணைத்து ‘அனுபம்’ என்னும் இணைநிலைக் கணிப்பொறியை அமைத்தனர். கற்ற கை மீண்டும் கருவியைத் தேடிக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

இன்று நம் பிள்ளைகள் பம்பாயிலும் புனேயிலும் பெங்களூரிலும் கணினியின் முன் அமர்ந்து பணிபுரிகின்றனர். அவர்கள் கையாளும் கருவிகளுள் பெரும்பாலானவை பிறர் செய்தவை. அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால் இன்று கண்ட பிழை எது, முதலில் எதை ஐயுற்றோம், அந்த ஐயம் ஏன் தவறாயிற்று, முடிவில் எங்கே பிடிபட்டது என்று நான்கு வரி எழுதி வைக்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும். அதை அவரவர் தாய்மொழியில் எழுதினாலும் குறைவில்லை. நம் வீட்டு அலமாரிகளிலும், ஓய்வு பெற்ற பெரியோர் எவரேனும் எழுதிய தொழிற் குறிப்பேடு இருக்கக்கூடும். பழந்தாளோடு அதை எடைக்குப் போடுமுன், ஒருமுறை திறந்து பார்ப்போமாக.